துவைக்காத வாரம்

அத்தியாயம் 17

அம்மா வரப்போகிறாள் என்று நெவில் சொன்னபோது லோர்னா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடியில் தெரிந்த ஐம்பத்தைந்து வயதுப் பெண் யாரோ போல இருந்தாள்.

துப்பிவிட்டு வந்து, "எங்க வருது?" என்று கேட்டாள்.

"எங்கன்னா? உன் கச்சேரிக்குத்தான். கறிக்கடைக்கா?"

நெவில் ஹோட்டல் அறையின் வாசலிலேயே நின்றான். கேரவன் வண்டி செய்யும் தொழிற்சாலையின் நீலச் சட்டை, சட்டைப் பையில் அளவு நாடா. உள்ளே இருந்த கம்பளத்தை மிதிப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா தங்கும் எந்த ஹோட்டலிலும் அவன் இப்படித்தான். அவள் நிஜமாகவே பெரிய ஹோட்டல்களில் தங்கிய காலத்திலும், இப்போது ரயில் நிலையத்தை ஒட்டிய இந்த மூன்றாந்தர இடத்திலும், அதே வாசல், அதே தயக்கம்.

"நீதான் வற்புறுத்தினியா?"

"நான் வாயே திறக்கல. தானா சொல்லுது. மேடைக்குப் பக்கத்துல ஒரு சீட்டு போடச் சொல்லுன்னுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு பேசணுமாம். மத்தியானம் வீட்டுக்கு வரச் சொல்லுச்சு."

"என்ன பேசணுமாம்?"

நெவில் தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை.

"கப்பல் விஷயம் சொல்லிட்டியா?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்ல" என்றான், இன்னும் அங்கேயே பார்த்தபடி.

அந்தச் சத்தியத்தை அவள் அவனிடம் வாங்கிப் பத்து நாளாகிறது. நாளை மத்தியானம் நியூகாஸிலில் உல்லாசக் கப்பல் ஒன்றில் ஏறுகிறாள். ஆறு மாத ஒப்பந்தம். நார்வே கரையை ஒட்டி வடக்கே போய்த் திரும்பி, மறுபடி வடக்கே. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, காதில் கருவி வைத்த பயணிகளுக்குப் பாட வேண்டும். தரையில் அவளுக்கு மேடைகள் தீர்ந்துவிட்டன. இன்று சொந்த ஊரில் நடக்கப்போவதுதான் கடைசி.

அம்மாவுக்கு இது தெரியக்கூடாது. அந்த வடக்குக் கடலில்தான் அப்பாவின் கப்பல் மூழ்கியது.

*

சொந்த ஊரான ஹல் துறைமுக நகரத்தின் கிளப்புகளில் லோர்னா பாட ஆரம்பித்தபோது அவளுக்குப் பதினாறு. சனிக்கிழமை பிங்கோ ஆட்டம் முடிந்து, சூடான கறிப் பலகாரம் வந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, ஆட்கள் தட்டோடு உட்கார்ந்த பிறகு பாட்டுக்காரியைக் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் குரல் கேட்க வேண்டும். கேட்டது. இருபத்து மூன்றில் லண்டன் போனாள். ஈரச் சுவர் உள்ள ஓர் அறையில், இரவல் கிதாரில், ஒரு பாட்டு எழுதினாள்.

மிக மெதுவான பாட்டு. தூங்கும் குழந்தையை எழுப்பாமல் வீட்டைவிட்டுப் போகிறவன் நடப்பது மாதிரி போகும். 'டரா, டரா, கதவு இன்னும் திறந்திருக்கு' என்று பல்லவி.

அவள் ஊரில் டரா என்பது தினமும் வாயில் வரும் சொல். கடையிலிருந்து கிளம்பும்போது, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, போனை வைக்கும்போது. டரா என்றால் போறேன். போயிட்டு வரேன் என்பதில் உள்ள வரேன் அதில் கிடையாது.

பாட்டைக் கேட்ட லண்டன் தயாரிப்பாளர், அந்த டரா, டரா என்று வருவதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க ஸ்டுடியோவில் எல்லோரும் அவளுடைய பேச்சைக் கேட்டுச் சிரித்திருந்தார்கள். லோர்னாவுக்கு முகம் சுட்டது.

"அர்த்தம் ஒண்ணுமில்ல. சும்மா சத்தம்தான்" என்றாள்.

அப்படியானால் அதையே பெருக்குவோம் என்றார் அவர். வேகத்தை இரண்டு மடங்காக்கினார். டிரம்பெட் சேர்த்தார், கைதட்டல் சேர்த்தார். அந்தக் கோடைக்காலம் முழுக்க நாடே டரா, டரா என்று குதித்தது. கல்யாணங்களில் குதித்தது. கால்பந்து மைதானத்தில் தோற்றுப்போன அணியைப் பார்த்துப் பாடியது. இன்றைக்கும் பாடுகிறது.

அதற்குப் பிறகு அறுபது பாட்டாவது எழுதியிருப்பாள். சில நன்றாகவே இருந்தன. இரண்டாவது ஆல்பத்தை யாரும் வாங்கவில்லை, மூன்றாவதை யாரும் வெளியிடவில்லை. கிறிஸ்துமஸ் நாடகங்களில் சூனியக்காரியாக வந்தாள். சூப்பர்மார்க்கெட் திறப்பு விழாவில் ரிப்பன் பக்கத்தில் நின்றாள். விடுமுறை முகாம்களில், தன்னைப் போலவே ஒரே பாட்டு உள்ள ஆட்களோடு வரிசையில் நின்று, ஆளுக்குப் பத்து நிமிடம் பாடினாள். எங்கே போனாலும் கடைசியில் அதைக் கேட்பார்கள். பல்லவி வரும்போது மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டுவாள். அந்தச் சொல்லை அவர்களே பாடிக்கொள்வார்கள். அது அவளுடைய பாணி என்று பத்திரிகைகள் எழுதின. அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லாமலிருக்க அவள் கண்டுபிடித்த வழி அது என்று யாருக்கும் தெரியாது.

அம்மா ஒரு தடவைகூட வந்ததில்லை. முழங்கால் வலி, பூனைக்கு உடம்பு சரியில்லை, மழை. வானொலியில் அந்தப் பாட்டு வந்தால் எழுந்து போய் அணைத்துவிடுவாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அணைத்துவிட்டு, விட்ட வேலையைத் தொடர்வாள்.

அதைவிட அம்மா திட்டியிருக்கலாம் என்று லோர்னா பல வருடம் நினைத்ததுண்டு.

*

அம்மாவின் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தது வாசனை. ஈரத் துண்டு நாள்பட்டுப்போன வாசனை.

சமையலறையில் அழுக்குக் கூடை நிரம்பி, தரையில் வழிந்து, மேசைக்கால் வரை வந்திருந்தது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, கைத்துண்டுகள். துணி துவைக்கும் மெஷினின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பூனை படுத்திருந்தது.

இந்தத் தெருவிலேயே மிக வெள்ளையான திரைச்சீலை அம்மா மேவிஸின் வீட்டில்தான் என்று பேர். திங்கள்கிழமை விடிந்தால் முதலில் கொடியில் துணி ஏறுவது அம்மாவுடையதாகத்தான் இருக்கும். ஜுரத்தில்கூடத் தவறியதில்லை. இப்போது எண்பது வயதில், மேசையருகே உட்கார்ந்திருந்தவளின் வெள்ளை ரவிக்கையின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தேநீர்க் கறை. காய்ந்து பழுப்பாகியிருந்தது. கொட்டி இரண்டு மூன்று நாளாவது இருக்கும்.

நெவில் சூடான உருளைக்கிழங்குச் சிப்ஸ் வாங்கி வந்து காகிதத்தோடு மேசையில் பிரித்தான். அந்த ஊருக்கே உரிய சிவப்பு மசாலாப் பொடியைத் தாராளமாகத் தூவினான். தொழிற்சாலைக்கு நேரமாகிவிட்டது, மாலை வந்து கூட்டிப்போகிறேன் என்று ஏதோ சொல்லிக்கொண்டே நழுவினான். காரிலேயே இருப்பான் என்று இரண்டு பெண்களுக்கும் தெரியும்.

சிப்ஸைத் தின்றார்கள். நன்றாக இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். இருக்கிறது என்றாள் லோர்னா. லண்டனில் இந்தப் பொடி கிடைக்காதே என்றாள் அம்மா. கிடைக்காது என்றாள் லோர்னா. முப்பது வருடமாக இந்த மேசையில் இவ்வளவுதான் பேச்சு.

"மெஷின் ரிப்பேராம்மா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நான் ஒரு தடவை போட்டுடறேன். நீ உக்காரு."

குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். அம்மாவின் கை பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த வயதில் அந்தப் பிடி இருக்குமென்று லோர்னா நினைக்கவில்லை.

"வை அத."

"நாத்தமடிக்குதும்மா."

"வைடின்னா வை."

வைத்தாள். அம்மா கையை எடுக்கச் சற்று நேரமானது.

"அந்த ரவிக்கையையாவது கழட்டிக் குடு. அதோட எப்படி வருவ?"

"மேல கோட்டு போட்டுக்கறேன். யாரு பாக்கப் போறா."

லோர்னா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். புத்தி தடுமாறுகிறதா? நெவில் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? இவளை இப்படி விட்டுவிட்டு நாளை எப்படிக் கிளம்புவது? கூரைமேல் ஒரு கடற்காகம் குறுக்கும் நெடுக்கும் நடப்பது கேட்டது.

"இன்னிக்கு அந்தப் பாட்டப் பாடாத" என்றாள் அம்மா.

எந்தப் பாட்டு என்று லோர்னா கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் அம்மா அதைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை.

"ஏம்மா?"

"மத்ததெல்லாம் பாடு. எவ்வளவு நேரம்னாலும் உக்காந்து கேக்கறேன். அது மட்டும் வேணாம்."

"அதக் கேக்கத்தான் ஜனங்க வர்றாங்க."

"தெரியும்."

அம்மா சிப்ஸ் காகிதத்தை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள். நாற்பத்தாறு வருடமாக எதிர்பார்த்த தீர்ப்பு வந்துவிட்டது என்று லோர்னா நினைத்தாள். இவ்வளவு மெதுவான குரலில் வரும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

*

அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

மீன்பிடிக் கப்பலில் மூன்று வாரம் கடல், மூன்று நாள் கரை என்று அந்தத் தெருவில் எல்லா அப்பாக்களும் இருந்தார்கள். கப்பல் கிளம்பும் நாளில் செய்யக்கூடாதவை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். துறைமுகத்துக்கு வழியனுப்பப் போகக்கூடாது. கையசைக்கக்கூடாது. துணி துவைக்கக்கூடாது, துவைத்தால் சட்டையோடு ஆளையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். போறவனைப் பார்த்து டரா சொல்லக்கூடாது.

எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று காலை, பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில், டாக்ஸியில் ஏறப்போன அப்பாவைப் பார்த்து, "டராப்பா" என்றுவிட்டாள். வாய் தானாகச் சொன்னது. அம்மாவின் உள்ளங்கை பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தியது. சோப்பு வாசனை அடித்த கை. அப்பா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

அப்பாவின் கப்பல் 'லேடி ரோஸ்மண்ட்' பதினெட்டுப் பேரோடு ஐஸ்லாந்துக்கு அந்தப் பக்கம் எங்கோ மூழ்கிப்போனது. ஒரு மிதவைகூடக் கிடைக்கவில்லை.

அந்தக் காலையைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுடைய அந்த மௌனத்துக்குள்தான் லோர்னா வளர்ந்தாள். அதிலிருந்து தப்பிக்கத்தான் லண்டன் ஓடினாள், தப்பிக்க முடியாமல்தான் அந்தப் பாட்டை எழுதினாள்.

அம்மா வீட்டிலிருந்து வெளியே வந்து காரில் ஏறியதும் நெவில், "என்ன சொல்லுச்சு?" என்றான். சொன்னாள். அவன் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பாடாம விட்டுடேன்."

"நீயும் அப்படித்தான் நெனக்கிறியா? நாந்தான் அப்பாவ..."

"ஏய், நான் எங்க அப்படிச் சொன்னேன். உனக்கு எல்லாமே உன்னப் பத்தித்தான். பேப்பர்ல பேர் வந்துட்டா இப்படித்தான்."

"அம்மாவுக்குப் புத்தி சரியில்ல நெவில். வீட்ட பாத்தியா நீ? ஒரு வாரமா ஒரு துணி துவைக்கல."

"பாத்தேன்" என்றான். வண்டியைக் கிளப்பினான். அரங்கம் வரும்வரை சாலையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. சின்ன வயதில் பொய் சொன்னாலும் அவனுக்குக் காதுதான் சிவக்கும். லோர்னா அதைப் பார்த்தாள். பார்த்ததை யோசிக்கும் நிலையில் இல்லை.

*

அந்தப் பாட்டு இன்று கிடையாது என்றதும் பியானோக்காரர் டெஸ்மண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிளப் நாட்களிலிருந்து அவளோடு இருக்கிறவர். நல்ல காலத்தில் வந்து சேர்ந்தவர்கள் எல்லாம் நல்ல காலத்தோடு போய்விட்டார்கள், இவர் போகவில்லை.

ஜனங்கள் நாற்காலியைப் பிடுங்குவார்கள் என்றார். பிடுங்கட்டும் என்றாள். கடைசி நாளில் அதைப் பாடாமல் போனால் பயந்து ஓடினாள் என்றுதான் ஊரில் பேசுவார்கள் என்றார். பாடினால் அம்மாவை எழுப்பி வெளியே அனுப்பியதாகிவிடும். பாடாவிட்டால், ஆமாம் அப்பாவைக் கொன்றது நான்தான் என்று இரண்டாயிரம் பேர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். மற்றவர்களுக்குப் புரியாது. அம்மாவுக்குப் புரியும்.

"அம்மா நிஜமாவே வர்றாங்களா?" என்று மட்டும் கேட்டார் டெஸ்மண்ட். தலையசைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பியானோ பக்கம் திரும்பிவிட்டார்.

அம்மா வந்திருந்தாள். மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரம். பக்கத்தில் நெவில், கழுத்துப் பட்டி இறுக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு. விளக்குச் சூட்டிலும் ஆள் சூட்டிலும் அரங்கம் வெந்துகொண்டிருந்தது, பெண்கள் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டார்கள். அம்மா மட்டும் கனத்த கம்பளிக் கோட்டைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டு, மடியில் கைப்பையோடு, டாக்டருக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

லோர்னா பாடினாள். யாரும் வாங்காத இரண்டாவது ஆல்பத்திலிருந்து பாடினாள். வெளிவராத மூன்றாவதிலிருந்தும் பாடினாள். குரல் மேல் ஸ்தாயியில் இரண்டு இடத்தில் உடைந்தது, டெஸ்மண்ட் அந்த இடங்களில் பியானோவைச் சற்றே உரக்க வாசித்து மூடினார். அம்மா கை தட்டவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் இல்லை.

கடைசிப் பாட்டு முடிந்து வணங்கியபோது பால்கனியில் ஆரம்பித்தது. முதலில் காலால் தட்டினார்கள். பிறகு இரண்டு மூன்று குரல். பிறகு வரிசை வரிசையாக.

டரா. டரா. டரா.

டெஸ்மண்ட் அவளைப் பார்த்தார். டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கிப் பிடித்திருந்தான். லோர்னா மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

அம்மா எழுந்து போகவில்லை. கோபமாகவும் இல்லை. தலையைத் திருப்பித் திருப்பி, பின்னால், மேலே, கத்துகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் தீப்பெட்டியோடு விளையாடுவதைப் பார்க்கிறவளின் முகம். பிறகு வலது உள்ளங்கையைத் தூக்கித் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கையை லோர்னாவுக்குத் தெரியும்.

ஒருவேளை அவர்கள் எல்லோருடைய வாயையும் பொத்த முடியாததால் தன் வாயைப் பொத்திக்கொண்டாளோ. அந்த நினைப்பு வந்த கையோடு மற்றதெல்லாம் வந்தது. இந்தச் சூட்டில் கழுத்துவரை கோட்டு. கோட்டுக்குள் கறை. கறையைக் கழுவாத ரவிக்கை. பூனை படுத்திருக்கும் மெஷின். வைடின்னா வை. நெவிலின் சிவந்த காது.

அம்மாவுக்குத் தெரியும். கப்பல் விஷயம் தெரியும்.

ஒரு வாரமாக அவள் துவைக்கவில்லை. துவைத்தால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். அப்பாவை இல்லை. அவர் எப்போதோ போய்விட்டார்.

லோர்னா மைக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையைத் தூக்கினாள். சத்தம் அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

"இந்தப் பாட்டுல ஒரு வார்த்தை இருக்கு" என்றாள். "லண்டன்ல கேட்டாங்க, அதுக்கு அர்த்தம் ஒண்ணுமில்லன்னு நான்தான் சொன்னேன். வெக்கப்பட்டுச் சொல்லிட்டேன். இங்க இருக்கிற உங்களுக்கு அர்த்தம் தெரியும். நாளைக்கு நான் கப்பல் ஏறுறேன். வடக்க. எங்கம்மா இங்க உக்காந்திருக்காங்க. அதனால இன்னிக்கு அந்த வார்த்தைய நீங்க யாரும் சொல்லக்கூடாது. நானும் சொல்ல மாட்டேன்."

பின்னால் யாரோ இளவட்டம் சிரித்தது. "வாய மூடுடா" என்றது ஒரு கிழட்டுக் குரல். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் காதோடு காதாக எதையோ சொன்னார்கள். அந்த முணுமுணுப்பு மீன்பிடிக் குடும்பங்கள் நிறைந்த ஹெஸில் ரோடு ஆட்களிடமிருந்து கிளம்பி, பால்கனி வரை ஏறி, அங்கே அடங்கியது.

"நான் எழுதின மாதிரி" என்றாள் டெஸ்மண்டிடம்.

அவர் புரிந்துகொண்டார். டிரம்ஸ்காரன் குச்சிகளைக் கீழே வைத்தான்.

முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பாட்டு அதன் சொந்த வேகத்தில் போனது. பல்லவி வந்தது. டரா வரவேண்டிய இடத்தில் பியானோ நின்றது. லோர்னா வாயை மூடிக்கொண்டாள். இரண்டாயிரம் பேரும் மூடிக்கொண்டார்கள். யாரோ ஒருவரின் நாற்காலி முனகியது, அவ்வளவுதான். பிறகு, 'கதவு இன்னும் திறந்திருக்கு' என்று தொடர்ந்தாள்.

ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் அப்படி ஒரு பள்ளம் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் எல்லோரும் அதைத் தாண்டி வந்தார்கள். கடைசிப் பல்லவியில் முன்வரிசைக் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

அம்மா வாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

*

மேடைக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் அம்மா கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நெவில் வழக்கம்போல வாசலில்.

"எப்பத் தெரியும்?" என்றாள் லோர்னா.

"போன ஞாயித்துக்கிழமை. உன் தம்பி சாப்பாட்ட பாதியில வெச்சுட்டு ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தான். இவனுக்கு எந்தக் காலத்துல பொய் சொல்ல வந்தது?"

"நான் சொல்லல, அதுவே கண்டுபிடிச்சிருச்சு" என்றான் நெவில்.

"நீ என்னிக்குப் போறன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேன்னுட்டான் தடியன். நாள் தெரியாம நான் எப்படித் துவைக்கிறது? அதான் வாரம் பூரா விட்டுட்டேன்."

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. அம்மாவின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நான் அன்னிக்கு வாசல்ல அப்பாகிட்டச் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"என்ன சொன்ன?"

"அந்த வார்த்தை."

அம்மா அவள் பக்கம் குனிந்தாள்.

"அதையா நீ இத்தன வருஷம் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச?"

அம்மா கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். வாசலில் நெவில் மெல்லத் திரும்பி நின்றான்.

"கப்பல் மறுநாள்தான் கிளம்பறதா இருந்தது" என்றாள் அம்மா, பையைப் பார்த்து. "அன்னிக்குத் திங்கக்கிழமை, விடியக்காலையிலயே எழுந்து துணியெல்லாம் அலசிட்டேன். அப்புறம்தான் ஆள் வந்து, இன்னிக்கே கிளம்புதுன்னான். கொடியில போட்டதத் திரும்ப எடுத்தா மட்டும் என்ன ஆகப்போகுது? டாக்ஸி போச்சு. நீயும் பள்ளிக்கூடம் போயிட்ட. தெருமுனைலேர்ந்து உங்கப்பா இறங்கித் திரும்பி வந்தாரு. கிளம்பினவங்க திரும்பி வரக்கூடாது. கம்பளி ஜெர்சிய மறந்துட்டேன்னு வந்தாரு. அது கொடியில சொட்டிக்கிட்டிருந்தது."

அந்தக் காலையில் தன் வாயைப் பொத்திய கையின் சோப்பு வாசனை லோர்னாவுக்கு இப்போது அடித்தது.

"பாத்துட்டு என்ன சொன்னாரு?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு. ஜெர்சிய ஈரத்தோடயே எடுத்துச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டாரு." அம்மா நிறுத்தினாள். "உங்கிட்டச் சொல்லச் சொல்லி ஒண்ணு சொன்னாரு."

"எங்கிட்டயா?"

"அதச் சொல்லணும்னா ஜெர்சியச் சொல்லணும். அதான் சொல்லல."

"என்ன சொன்னாரும்மா?"

அம்மா எழுந்தாள். முழங்கால் வலிக்க, மேசையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. மேல் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"கப்பல் எத்தன மணிக்கு?"

"நாளைக்கு மத்தியானம். அப்பா என்ன சொன்னாரு?"

"அப்ப நாளன்னிக்கு மெஷினப் போட்டுடலாம்" என்றாள் நெவிலிடம். அவன் வழிவிட்டு நின்றான். அவள் வாசலைத் தாண்டியபோது லோர்னா தரையிலிருந்து எழுந்து ஓடிவந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா."

அம்மா திரும்பவில்லை.

"போயிட்டு வா. வந்தா சொல்றேன்."

விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்த நடையில், நெவிலின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் பின்னால் பார்க்காமல் நடந்து போனாள். லோர்னா கையசைக்கவில்லை. உதடு வரை வந்த சொல்லை உள்ளேயே வைத்துக்கொண்டு நின்றாள்.